ஐசியைப் படம் பிடிச்சுப் போட்ட பெரியவருக்கு

21 வயது ஆகாத ஒரு பெடியன் போத்தல் வாங்கிக் குடிச்சான் எண்டு அவன்ர ஐசியை, அதுதான் தேசிய அடையாள அட்டையை, நீங்கள் படம் பிடிச்சுப் போட்டியள். அந்தப் படம் கிளிநொச்சியில சுத்தாத குறூப் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், நம்பர், விலாசம் எல்லாம் தெளிவு. கீழ "சமுதாயம் நாசமாப் போச்சு" எண்டு ஒரே ஒப்பாரி. போத்தலை வித்த கடையின்ர பேர் மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை.

2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைஞ்ச ஆளுக்கு மதுவோ சிகரெட்டோ விக்கிறதைத்தான் குற்றம் எண்டு சொல்லுது. வித்தவரைக் கேளுங்கோ.

"கவுண்டரில நிண்டு வயது கணக்குப் பாக்கேலுமோ?" ஏலும். பிறந்த திகதி அட்டையிலயே அடிச்சிருக்கு. அது அழிஞ்சிருந்தாலும் 12 இலக்க நம்பரில முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தனையாவது நாள். 2007123 எண்டு தொடங்கினா 2007 மே 2. பெப்ரவரியை எப்பவும் 29 நாளா எண்ணோணும், இல்லாட்டி ஒரு நாள் பிழைக்கும். அந்த ஆளுக்கு 21 வாறது 2028இல. பொம்பிளைப் பிள்ளை எண்டா நாளோட 500 கூட்டி 623 எண்டு இருக்கும். பழைய 9 இலக்கமும் வி எழுத்தும் உள்ள அட்டை 2000க்கு முதல் பிறந்த ஆக்களின்ரை. மீசை அரும்பாத பெடியன் அதை நீட்டினா அது அண்ணன்ர, இல்லாட்டி அப்பான்ர. போனில படத்தைக் காட்டினா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அட்டையைக் கையில வாங்கி முகத்தோட பாருங்கோ. பத்து செக்கன் வேலை.

பொம்பிளையளுக்கு மது விக்கக்கூடாது எண்ட 1979 அரசாங்க அறிவித்தலை 2018 ஜனவரியில நீக்கிப்போட்டு, சில நாளுக்குள்ளயே திருப்பிக் கொண்டுவந்தவை. அந்த விதி மட்டும் கடைக்காரருக்கு மனப்பாடம். வயது மட்டும் கண்ணில படாது.

"குடுக்காட்டிக் கசிப்புக்கு, கள்ளச் சாராயத்துக்குப் போவாங்கள்" எண்டுவியள். கசிப்பைப் பிடிக்க வேற ஆக்கள் இருக்கினம். "அந்தக் காலமா இருந்தா" எண்டு தொடங்கிற கொமென்டுக்கு நான் பதில் எழுதப் போறேல்லை.

ஒண்டை மட்டும் ஒத்துக்கொள்ளுறன். இஞ்ச கனபேரின்ர பதிவு வயதில குழப்பம் இருக்கு. 2007, 2008, 2009இல பிறந்ததுகளில கனபேர் யுத்தத்தில இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ பிறந்ததுகள். பிறப்பைப் பதிய மூண்டு மாதம் கடந்தா காலங்கடந்த பதிவு. அதுக்கு விதானையாரின்ர (கிராம அலுவலரின்ர) கடிதம், பிரதேச செயலகம், சத்தியக்கடதாசி. ஆஸ்பத்திரித் துண்டு இடம்பெயர்வோட போயிருந்தா இன்னும் அலைச்சல். அப்பிடி அலைஞ்சு தாய்மார் எடுத்துக் குடுத்த அட்டையள் இதுகள். பாங்கில கணக்குத் திறக்கவும், சோதனை மண்டபத்துக்குள்ள போகவும், செக்பொயின்ரில காட்டவும் உள்ளது அந்த ஒரு துண்டுதான். அதைத்தான் நீங்கள் ஊருக்கு விரிச்சு வைச்சிருக்கிறியள். இனி அந்த நம்பரை வைச்சு ஆர் என்ன செய்தாலும் அவன்தான் பதில் சொல்லோணும்.

அவன் குடிச்சது பிழை. பெத்ததுகள் கேக்கட்டும். உங்களுக்கு அவ்வளவு அக்கறை எண்டா படத்தை எடுத்துப்போட்டு, கடைச் சுவரில தொங்கிற லைசென்ஸைப் படம் பிடிச்சுப் போடுங்கோ. முதல் ஷெயார் என்ரை.