டுரியான் பூவை வௌவால் அழிக்கிறதா?

அண்ணே, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பாலிக் புலாவ் டுரியான் பழ மரத்தடியில் காலையில் பூக்கள் கொட்டிக் கிடக்கும் படத்தைப் போட்டு, “இதெல்லாம் வௌவால் வேலை, வலை கட்டிப் பிடித்தால் காய் கூடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். படம் உண்மைதான். காரணம்தான் தவறு.

டுரியான் பூ சாயங்காலம் விரியும். இரவோடு இரவாக இதழும் மகரந்தத் தாளும் தானாகவே உதிர்ந்துவிடும். வௌவாலே வராத மரத்தடியிலும் இப்படித்தான் கிடக்கும். காயாகப் போகும் சூல்பை கிளையிலேயே இருக்கும். அதையும் அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

தேன் குடிக்க வரும் குகை வௌவால், முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. பெரும்பாலான டுரியான் மரங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, வேறு மரத்து மகரந்தம் வேண்டும். தேனீயும் உதவும், ஆனால் இரவில் மரம் விட்டு மரம் தாவும் இந்த வேலைக்கு வௌவால்தான் முக்கியமான ஆள். தியோமான் தீவில் கேமரா வைத்து ஆராய்ந்தபோது, பலரும் திட்டும் பெரிய பழந்தின்னி வௌவாலும் டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது தெரிந்தது.

இன்னொன்று. டுரியான் பூப்பது சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் இந்த வௌவால்கள் வாழைப்பூ, பெத்தாய் மரப் பூ, கடலோர அலையாத்தி மரங்கள் என்று தேடிப் போகின்றன. பத்துமலைக் குகை வௌவால்கள் அலையாத்திப் பூவுக்காக 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்ததாகப் பதிவு உண்டு. எங்கோ ஓர் அலையாத்திக் காட்டை அழித்தாலும் டுரியான் தோட்டத்துக்கு வரும் வௌவால் குறையலாம்.

தயவுசெய்து பூக்கும் காலத்தில் வலை கட்டச் சொல்லாதீர்கள் அண்ணே. பதிவையும் திருத்திவிடுங்கள், நிறைய பேர் பகிர்கிறார்கள்.