அந்த ஜன்னலைச் சாத்தித் தொலைங்கப்பா!

யோன் விஸ்ஸாவுக்கு முழங்கால் போச்சு. 2025 செப்டம்பர் 1, டிரான்ஸ்ஃபர் விண்டோவோட, அதான் கால்பந்து கிளப்புங்க ஆளை வாங்கி விக்கிற அந்த ஜன்னலோட, கடைசி நாள், பிரென்ட்ஃபோர்டு கிளப்புகிட்ட சுமார் 5.5 கோடி பவுண்டு கொட்டி நியூகாசில் வாங்கின ஸ்ட்ரைக்கர். 9ஆம் தேதி காங்கோவுக்காக செனகலோட ஆடப் போனார், அடிபட்டார். அதுவரைக்கும் நியூகாசில் சட்டையில ஒரு நிமிஷம்கூட ஆடியிருக்கலை. புதுச் செருப்பு கால்ல பழகவே எட்டு நாளுக்கு மேல ஆகும்!

இங்கிலாந்தோட பெரிய லீக்கான பிரீமியர் லீக் ஆரம்பிச்சது ஆகஸ்ட் 15. சந்தை மூடினது செப்டம்பர் 1. நடுவுல மூணு ரவுண்டு, அதாவது டீமுக்கு 9 புள்ளி வரைக்கும். அதெல்லாம் ஒத்திகையா? 2025 மே மாசம் ஆஸ்டன் வில்லாவும் நியூகாசிலும் 66 புள்ளியில சமமா நின்னு, கோல் வித்தியாசத்துல வில்லா ஐரோப்பாவோட பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீகைக் கோட்டை விட்டுச்சே, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க ஒத்திகைன்னு.

ஆகஸ்ட் 30 கூத்துக்கு வருவோம். செல்சி ஸ்ட்ரைக்கர் நிக்கோலஸ் ஜாக்சன் லோன்ல, அதாவது இரவலா, ஜெர்மனி கிளப் பயர்னுக்குப் போறார். பேசி முடிச்சாச்சு, ஆள் மியூனிக்ல இறங்கியும் ஆச்சு. இங்க லண்டன்ல செல்சி – ஃபுல்ஹாம் மேட்ச். கால் மணி நேரம்கூட ஆகலை, செல்சியோட இன்னொரு ஸ்ட்ரைக்கர் லியாம் டெலாப் ஓடுறார், தொடையைப் பிடிக்கிறார். ஹாம்ஸ்ட்ரிங். அவ்வளவுதான். செல்சி போனைப் போட்டு, "கல்யாணம் நின்னுபோச்சு, பையனைத் திருப்பி அனுப்புங்க"ங்குது. ஆள் மியூனிக்கை விட்டு நகரலை. நகருவாரா? தாலி கையில இருக்கும்போது மண்டபத்தைக் காலி பண்ணச் சொன்னா எவன் போவான்? ரெண்டு நாள் இழுத்தடிச்சு, கடைசி நாள் லோன் முடிஞ்சுது. ஆனா ஸ்ட்ரைக்கர் குறையுதே? ஆகஸ்ட்லதான் சண்டர்லேண்டுக்கு லோன்ல அனுப்பின மார்க் கியூவைத் திரும்பக் கூப்பிட்டாச்சு. அந்தப் பையன் அங்க லீக் கப்புல ஒரு கோலும் போட்டிருந்தான். ஒருத்தனுக்குத் தொடை பிடிச்சா மூணு கிளப், ரெண்டு நாடு. சண்டர்லேண்ட் என்ன பாவம் பண்ணுச்சு?

நியூகாசில் ஸ்ட்ரைக்கர் அலெக்சாண்டர் இசாக் கதை இன்னும் மோசம். ஆட மாட்டேன்னு ஒதுங்கிட்டார். நியூகாசில் மூணு மேட்ச்ல ரெண்டு டிரா, ஒரு தோல்வி, மொத்தம் 2 புள்ளி. அந்தத் தோல்வி யார்கிட்ட? இசாக்கை வாங்கத் துரத்திக்கிட்டிருந்த அதே லிவர்பூல்கிட்ட! விங்கர் ஆண்டனி கார்டனை நடுவுல நிறுத்தினாங்க, இடைவேளைக்கு முன்னாடியே ரெட் கார்டு. பத்துப் பேரை வச்சு 2-2 வரைக்கும் இழுத்தாங்க. 100ஆவது நிமிஷம் 16 வயசுப் பையன் ரியோ ங்குமோஹா வந்து முடிச்சுட்டான். ஒரு வாரம் கழிச்சு இசாக் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போயிட்டார். இந்த ஜன்னல் ஆகஸ்ட் 14 சாத்தியிருந்தா? ஒண்ணு கிளம்பியிருப்பார், இல்ல பூட்ஸைக் கட்டியிருப்பார்.

முடியாத காரியமும் இல்ல. 2018லயும் 2019லயும் சீசனுக்கு முன்னாடியே இங்கிலாந்து மூடுச்சு. மத்த லீக்குங்க மூடலை, நம்ம ஆளைத் தூக்கிட்டுப் போவாங்க, பதிலுக்கு வாங்க வழியில்லன்னு அழுது 2020ல பழையபடி ஆக்கிட்டாங்க. வாதம் நியாயம்தான், ஒத்துக்கிறேன். அப்போ ஐரோப்பாவோட அஞ்சு பெரிய லீக்கும் சீசனுக்கு முன்னாடியே ஒரே நாள் மூட வேண்டியதுதானே?

கடைசி நாள் இங்கிலாந்து நேரம் சாயங்காலம் 7 மணிக்கு மூடினதும் பேருக்குத்தான். அதுக்குள்ள பேரம் முடிஞ்சுதுன்னு சொல்ற டீல் ஷீட்டை அனுப்பிட்டா, காகித வேலைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம். நமக்கு அது ராத்திரி ஒன்றரை. கிரிஸ்டல் பேலஸ் டிஃபென்டர் மார்க் கேஹி லிவர்பூல் போக மெடிக்கல் டெஸ்ட் வரைக்கும் போனார், பேலஸ் பதிலுக்கு எடுக்க நினைச்ச டிஃபென்டர் வெஸ்ட் ஹாம் பக்கம் போயிட்டதால லிவர்பூல் டீலே படுத்துடுச்சு. முழிச்சிருந்தவன் கண்ணுதான் மிச்சம்.

சரி, சந்தை மூடியாச்சு, இனிமேலாவது பந்தைப் பார்ப்போம்னா இன்டர்நேஷனல் பிரேக், லீக்கை நிறுத்திட்டு அவங்கவங்க நாட்டுக்கு ஆடப் போயிடுவாங்க. ரெண்டு வாரம்! விஸ்ஸா முழங்கால் அதுலதான் போச்சு.

அப்புறம் இன்னொண்ணு. அந்த அறிமுக வீடியோ. இருட்டு ரூம், புகை, ஆள் முதுகைக் காட்டிட்டு நிக்கிறார், மெதுவாத் திரும்புறார், கையைக் கட்டுறார், முறைக்கிறார். யாரை முறைக்கிறீங்க சார்? நீங்க பேக்கப் கோல்கீப்பர்.