பொம்மைக்கு முன்னால் ஸ்டாண்ட் வாங்குங்கள்

ஸ்டார் வார்ஸ் மாதிரியான விண்வெளிக் கதைகளின் ஆக்ஷன் ஃபிகர்களை, அதாவது கைகால் அசையும் கதாபாத்திரப் பொம்மைகளைப் புதிதாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, அடுத்து எதை வாங்கலாம்?" நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. அடுத்த ஃபிகரைக் கொஞ்சம் தள்ளிப்போடு. ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்கு அந்தக் காசில் ஸ்டாண்ட் வாங்கு. தூசி புகாத கண்ணாடி அலமாரி ஒன்று பார். மிச்சம் இருந்தால் ஒரு எல்இடி பட்டை. இதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி இதுதான்.

இது தொடங்கிய விதத்தைப் பாருங்கள். 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் வெளியானது. பெரிய பொம்மை நிறுவனமான மீகோ அதன் பொம்மைகளைச் செய்யும் உரிமையை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தது. எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து கென்னர் நிறுவனம். படம் இப்படி ஓடும் என்று கென்னரும் எதிர்பார்க்கவில்லை. அச்சு வெட்டி, வார்த்து, வண்ணம் தீட்டி, கிறிஸ்துமஸுக்குள் கடைகளில் நிரப்ப நேரமே இல்லை. நிறுவனத்தின் தலைவர் பெர்னார்ட் லூமிஸ் காலத்தில் அவர்கள் செய்த காரியம் இன்றும் பேசப்படுகிறது. பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை அந்தக் கிறிஸ்துமஸுக்கு விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ், கொஞ்சம் ஸ்டிக்கர், ஒரு ரசிகர் மன்ற அட்டை, அப்புறம் மடித்து நிறுத்தும் ஓர் அட்டை மேடை. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் லூக், லேயா, சூபாக்கா, ஆர்-டூ டி-டூ என்று 4 பொம்மைகள் 1978-ல் வீடு தேடி வரும். அட்டையில் நிறுத்துவதற்கு, பாதத்தில் செருகும் பெக் என்ற சின்ன முளைகளும் கூடவே வரும்.

காலி டப்பாவை விற்றுக் காசு பார்த்தார்கள் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. அந்தக் குழந்தைகளின் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது மேடை. அதில் 12 கதாபாத்திரங்களின் படம் இருந்தது. 4 பேர் வந்து நின்றதும் மீதி 8 பேருக்கான இடம் காலியாகத் தெரிந்தது. சேகரிப்பவர் என்ற ஒரு ஆள் உருவானது அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கென்னருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். சீக்கிரமே நெம்புகோலைத் தள்ளினால் பொம்மைகள் திரும்பும்படியான பிளாஸ்டிக் மேடையையும் கொண்டுவந்தார்கள்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மை 12 அங்குல உயரம். அந்த அளவு ஆளுக்கு ஏற்ற விண்கலம் செய்தால் எந்த வீட்டிலும் வைக்க முடியாது, யாராலும் வாங்கவும் முடியாது. கென்னர் 3¾ அங்குலத்துக்கு இறங்கியதால்தான் விண்கலங்களும் கூடவே வந்தன. ஹாஸ்ப்ரோ 1982-ல் ஜி.ஐ. ஜோவையே அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது. நம் கடைகளில் தொங்கிய ஜி.ஐ. ஜோக்கள் எம்.ஆர்.எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் தயாரித்தவை. அவற்றில் சிலவற்றின் நிறச் சேர்க்கை அமெரிக்கப் பதிப்பில் இல்லாதது. அதற்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

சரி, ஸ்டாண்ட் ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் காரணம் வெயில். இந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி பிவிசி என்ற பிளாஸ்டிக். சூடு ஏறினால் இளகும். கணுக்கால் மெலிந்து மேல்பாகம் கனத்த ஃபிகர், மின்விசிறி ஓடாத அறையில் ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் முன்பக்கம் சாயத் தொடங்கிவிடும். ஒன்று விழுந்தால் வரிசையே விழும். முழங்கை மூட்டு உடையும், துப்பாக்கி அலமாரிக்குப் பின்னால் போய்விடும். வளைந்த காலை வெந்நீரில் முக்கி நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் சரியாகும்தான். ஆனால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் அடுத்த மே மாதம் அதே கதை. ஒற்றை பெக் உள்ள சின்ன வட்டத்தட்டு போதும். பாதத் துளையின் அளவு ஒவ்வொரு தயாரிப்பு வரிசைக்கும் மாறும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். பறக்கிற, பாய்கிற நிலையில் வைக்க வேண்டுமென்றால் இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் கை உள்ள ஸ்டாண்ட் வேண்டும். ஜப்பானிய பொம்மை நிறுவனமான பந்தாயின் தமாஷி ஸ்டேஜ் அந்த வகை. நேர் வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பெட்டியைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களை இந்தப் பேச்சு அளவுக்கு வேறு எதுவும் கெடுப்பதில்லை. அவர்கள் காட்டும் உதாரணம் ஸ்டார் வார்ஸ் பாத்திரமான போபா ஃபெட். முதுகிலிருந்து ராக்கெட் பாயும்படி கென்னர் வடிவமைத்து, குழந்தைகளுக்கு ஆபத்து என்று கைவிட்ட பொம்மை அது. ராக்கெட்டை அசையாமல் ஒட்டித்தான் விற்பனைக்கு அனுப்பினார்கள். பாயும் ராக்கெட்டோடு எஞ்சியிருந்த மாதிரிகளில் ஒன்று 2024-ல் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. உண்மைதான். ஆனால் அது கடைக்கே வராத பொருள். அதைக் காட்டி, கடையில் அடுக்கடுக்காகத் தொங்கும் ஃபிகரைப் பிரிக்காமல் வை என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

1978-ன் பொம்மைகள் அட்டையோடு இன்று அரிதாக இருப்பதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் பிரித்து விளையாடினார்கள் என்பதுதான். 1995-ல் அதே வரிசையைப் புதிதாக வெளியிட்டபோது நிலைமை தலைகீழ். வளர்ந்துவிட்ட அதே பிள்ளைகள் மூட்டை மூட்டையாக வாங்கி, பிரிக்காமல் அடுக்கினார்கள். இத்தனை வருடம் கழித்தும் அவற்றில் பெரும்பாலானவை அட்டையோடு மலிவாகவே கிடைக்கின்றன. எல்லோரும் பூட்டி வைத்த பொருளுக்கு விலை எங்கிருந்து ஏறும்?

பிரிக்காமல் வைத்தால் பொம்மை பத்திரமாக இருக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் வருடங்களில் மஞ்சளாகும், பசை விட்டு அட்டையிலிருந்து எழும்பும். பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து வெளியே வரும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். பிரித்து வைத்த பொம்மையை மிதமான சோப்பு நீரில் துடைத்துவிடலாம். குமிழுக்குள் இருப்பதை என்ன செய்வீர்கள்?

பிரித்தால் ஒரு பொறுப்பும் கூடவே வரும், அது துணைப்பொருட்கள். கென்னர் காலத்துத் துப்பாக்கிகள் விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. தொலைந்தால் தொலைந்ததுதான். அசல் துப்பாக்கி கையில் இருக்கும் ஃபிகருக்கும் வெறுங்கையோடு நிற்பதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருப்பது இதனால்தான். ஜாவா என்ற குட்டிப் பாத்திரத்துக்கு ஆரம்பத்தில் வினைல் மேலங்கி போட்டார்கள். அவ்வளவு சின்ன உருவத்துக்கு அது மலிவாகத் தெரிந்ததால் சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஆரம்பகால வினைல் துண்டுக்கு இன்று அப்படியொரு கிராக்கி. ஓபிவான் என்ற இன்னொரு பாத்திரத்தின் பொம்மையில் இருக்கும் வினைல் மேலங்கியை வெட்டி ஜாவாவுக்குப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நகல் துணைப்பொருட்களை நான் எதிர்க்கவில்லை. காட்சிக்கு வைக்க அவை நன்றாகவே உதவும். ஆனால் அச்சிலேயே ஒரு அடையாளம் போட்டு விற்க வேண்டும். அடையாளம் இல்லாத நகலை அசல் என்று தள்ளிவிடுகிறவரை நான் சக சேகரிப்பாளராக மதிப்பதில்லை.

அடுக்குவதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு தட்டில் கொள்ளும் அளவுக்கு நெருக்கி நிறுத்தாதீர்கள். பின்வரிசையை அக்ரிலிக் படி வைத்து உயர்த்துங்கள். 3¾ அங்குலத்தையும் 6 அங்குலத்தையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். பத்து பேரை இடைவெளி விட்டு, ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் நிறுத்தினால் அங்கே ஒரு காட்சி உருவாகும். முப்பது பேரைத் திணித்தால் எவர் முகமும் தெரியாது.

ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் தன் பெரிய ஃபிகர்களோடு பெயர் பொறித்த ஸ்டாண்டையும் கொடுக்கிறது. 6 அங்குல ஃபிகர்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. விலை மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. ஒரு பெக் வைத்த சின்னத் தட்டுக்கு ஆகும் பிளாஸ்டிக் எவ்வளவு இருந்துவிடும்? 1978-ல் தபாலில் வந்த பொம்மைக்கே பெக் கூட வந்தது. வெளியாகும் ஒவ்வொரு புதிய வரிசைக்கும் விமர்சனம் எழுதும் நண்பர்கள், முகத்தின் வண்ணப்பூச்சைப் பற்றி நாலு பத்தி எழுதுவதோடு, பெட்டியில் ஸ்டாண்ட் இருந்ததா இல்லையா என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.