பிள்ளையிடம் முதலில் கேட்டது யார், எப்படிக் கேட்டார்?

திருமலை மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளை தாயோடா தகப்பனோடா என்ற வழக்கு நடக்கிறது. இடையில் பாலியல் துன்புறுத்தல் முறைப்பாடும் வந்தால் எதிர்த்தரப்பு சொல்வது ஒன்றுதான்: "சொல்லிக்குடுத்தது."

பிள்ளைகள் பொய் சொல்லுமா என்று சண்டைபிடிப்பது வீண் வேலை. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் வயதெல்லை இல்லை; கேள்வியை விளங்கி ஒழுங்காகப் பதில் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளையும் சாட்சிதான். இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கும் 134ஆம் பிரிவில் இல்லை. வழக்கு கெடுவது அதற்கு முன்பே, வீட்டுக்குள்.

தாய் கேட்கிறா, அம்மம்மா கேட்கிறா, பெரியம்மா வந்து திரும்பவும் கேட்கிறா. "அப்பா இங்க தொட்டவரா?" "ஓம்." உடனே போனில் வீடியோ. உண்மையிலேயே நடந்திருந்தாலும் அந்த "ஓம்" குறுக்கு விசாரணையில் நிற்காது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், தன் முதல் பதில் பிழை என்று நினைத்துச் சின்னப்பிள்ளை பதிலை மாற்றும்.

1995இல் உளவியலாளர்கள் லைக்ட்மன், செசி இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் பாலர் வகுப்புக்கு இரண்டு நிமிடம் வந்து எதையும் கெடுக்காமல் போனார். அவர் கைதவறி எதையாவது உடைக்கிற ஆள் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு பதிலை ஊட்டும் கேள்விகளையும் பத்து வாரம் விட்டு விட்டுக் கேட்டார்கள். கடைசியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் 72 வீதமானோர் அவர் ஏதோ ஒன்றைக் கெடுத்ததாகச் சொன்னார்கள். இதைக் காட்டிப் பிள்ளைப் பேச்சே வேண்டாம் என்பவர்கள் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். எதையும் ஊட்டாமல் கேட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் சரியாகவே சொன்னார்கள்.

ஆகவே பிள்ளை தானாக வாய் திறந்தால் "பிறகு என்ன நடந்தது?", "அதைப்பற்றி இன்னும் சொல்லுங்கோ" என்பதோடு நிறுத்துங்கள். நீங்கள் கேட்டதையும் பிள்ளை சொன்ன அதே சொற்களையும் திகதி, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். அண்மையில் நடந்ததென்றால் உடுப்பைக் கழுவாதீர்கள். சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு எடுங்கள், அல்லது பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவுக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரி காயமில்லை என்று எழுதினால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பாலியல் துன்புறுத்தலில் பெரும்பாலும் அடையாளம் இராது.

பிள்ளையின் முதல் நேர்காணல் வீடியோவைச் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தந்துவிட்டது. பிறகும் மூதூரிலிருந்து வரும் பிள்ளையை ஒவ்வொரு அலுவலக மேசையிலும் புதிதாகச் சொல்லவைப்பது ஏன்? மேசைக்கு மேசை வரும் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தானே பிறகு பொய் என்கிறார்கள்.

திகதியும் "எத்தனை தரம்" என்பதும் இன்னொரு பொறி. ஆறு வயதுப் பிள்ளை ஒரு எண்ணை ஊகித்துச் சொல்லிவிடும். நேர்காணல் எடுப்பவர் எண்ணைக் கேட்காமல், அது நடந்த நேரம் வீட்டில் யார் இருந்தது, ரிவியில் என்ன போனது, பள்ளிக்கூடம் இருந்ததா என்று கேட்கட்டும். கலண்டரைப் பார்ப்பது பெரியவர்களின் வேலை.