ஆளுக்கு 2 தெனாரி

(கி.பி. 301 முடியப்போகிறது. ரோமப் பேரரசின் ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) அஃப்ரோடிசியாஸ் ஊர்ச் சந்தை. தெனாரி என்பது ரோமக் காசு. நாவிதரின் முக்காலியில் ஒருவர். பாதித் தலை முடிந்திருக்கிறது.)

வந்தவர்: சாப்பாடு எப்பப்பா வரும்?

நாவிதர்: எந்தச் சாப்பாடு?

வந்தவர்: தெரியாத மாதிரி கேக்காதே. எதுக்கும் இதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சக்கரவர்த்தி தியோக்ளீஷியன் உத்தரவு. கல்லுல வெட்டுறாங்களே, ‘முடி வெட்ட 2 தெனாரி, சாப்பாட்டோட’ன்னு.

நாவிதர்: நீங்களே படிச்சீங்களா?

வந்தவர்: அது லத்தீன்ல இருக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் ஒருத்தன் சொன்னான்.

நாவிதர்: ரெண்டு வரியை ஒண்ணாப் படிச்சிருக்கான். முதல் வரி நான், ஆளுக்கு 2. அடுத்த வரி ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். ஆட்டுக்கு 2, சாப்பாட்டோட.

வந்தவர்: ஆக, சாப்பாடு உண்டு.

நாவிதர்: கத்தரிக்கிறவனுக்கு ஐயா! ஆட்டுக்காரன் போடணும். உங்களை ஆடுன்னே வச்சுக்கிட்டாலும் சோறு எனக்குத்தான் வரணும்.

வந்தவர்: வாய் நீளுது.

நாவிதர்: கத்தியும் மழுங்கியிருக்கு. அசையாதீங்க.

வந்தவர்: தாடியையும் எடுத்துடு. அப்படியே நகமும்.

நாவிதர்: அதுக்குத் தனியா…

வந்தவர்: தனியாவா? ‘ஆளுக்கு’ன்னுதானே போட்டிருக்கு, ‘தலைக்கு’ன்னா போட்டிருக்கு? ஆள்னா முழு ஆள்.

நாவிதர்: குதிரைக்குக் குளம்பு சீவுற வைத்தியனுக்கு அதே கல்லுல 6 தெனாரி.

வந்தவர்: நான் குதிரை இல்லையே.

நாவிதர்: அதான் எனக்கு நஷ்டம்.

வந்தவர்: கூடக் கேட்டா மரண தண்டனை, ஞாபகம் இருக்கட்டும்.

நாவிதர்: கூடக் கொடுக்கிறவருக்கும் அதேதான். உங்களுக்கு அந்த ஆபத்து வராது.

(கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிறார். வேண்டுமென்றே மெதுவாக.)

நாவிதர்: செப்டம்பர் 1-ல காசோட மதிப்பு ரெண்டு மடங்குன்னாங்க. அது அடங்குறதுக்குள்ள ஆயிரத்துச் சொச்சம் சாமானுக்குக் கல்லுல விலை வெட்டுறாங்க. பன்றிக்கறி ராத்தல் 12. ஆறு தலை சிரைச்சா ஒரு ராத்தல்னு கணக்குப் போட்டுக் காலையில போறேன், கடையில கொக்கி மட்டும் தொங்குது. கேட்டா, ‘12-க்கு அந்தக் கல்லுதானே தருது, அங்கயே வாங்கிக்கோ’ங்கிறான்.

வந்தவர்: பேராசை! உத்தரவுல முதல்ல அதைத்தான் திட்டியிருக்காராம். சரி, சீக்கிரம் முடி. வழக்கு இருக்கு, வக்கீல் காத்திருப்பார்.

நாவிதர்: அவருக்கும் கல்லுல வெட்டியிருக்கே. வழக்குத் தொடுக்க 250, வாதாட 1000.

வந்தவர்: ம்.

நாவிதர்: அவ்வளவுதான் வாங்கினாரா?

வந்தவர்: பெரிய மனுஷர்ப்பா. அவர்கிட்டப் போய்க் கல்லு, வரின்னு பேச முடியுமா?

(கழுத்து மறுபக்கம் திரும்புகிறது. கீரைக்காரியிடம் மட்டும் சட்டம் பேசுகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் இதே கழுத்துதான்.)

நாவிதர்: கல்லுல உள்ள 1000-மே எனக்கு 500 தலை. அவர்கிட்டயும் சாப்பாடு எப்ப வரும்னு கேட்டீங்களா?

வந்தவர்: கேக்கிறதா? நேத்து ராத்திரி அவருக்கு விருந்தே நான்தான் வச்சேன்.

நாவிதர்: காசும் கொடுத்து, சோறும் போட்டு…

வந்தவர்: ஆமா, அதுக்கென்ன?

நாவிதர்: ஒண்ணுமில்ல. பையன் சரியாத்தான் படிச்சிருக்கான். நீங்க அந்த அடுத்த வரிதான்.