அக்ரிங்டன் ஸ்டான்லியும் அறுபதாயிரம் பவுண்டும்

இங்கிலாந்தின் கீழ்மட்டக் கால்பந்து லீக் கிளப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் அந்தப் பால் விளம்பரத்தை இழுத்துவிடுவார். 1989-ல் வந்தது. லிவர்பூல் பேச்சு பேசும் இரண்டு பையன்கள். நிறையப் பால் குடிக்காவிட்டால் பெரியவனானதும் அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்காவேன் என்று லிவர்பூல் நட்சத்திர ஆட்டக்காரர் இயன் ரஷ் சொன்னதாக ஒருவன் சொல்வான். “அக்ரிங்டன் ஸ்டான்லியா, யார் அது?” என்பான் மற்றவன். “அதான்!”

நாடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்பவர்கள் குறைவு. சொல்பவர்களும் “செத்துப் பிழைத்த கிளப், தேவதைக் கதை” என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். அந்தக் கிளப் செத்தது கணக்குப் புத்தகத்தால். இன்று நிற்பதும் கணக்குப் புத்தகத்தால்தான். தேவதை யாரும் வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1888-ல் ஃபுட்பால் லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று அக்ரிங்டன். அது வேறு கிளப். 1893-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டிய நிலை வந்தபோது, அங்கே ஆடுவதற்கு லீக்கை விட்டே போகிறோம் என்று போய்விட்டது. ஸ்டான்லி அதே ஊரில் தனியாக வளர்ந்த கிளப். 1921-ல் மூன்றாம் டிவிஷனின் வடக்குப் பிரிவு தொடங்கியபோது லீக்குக்குள் வந்தது. லேங்கஷரின் பருத்தி ஆலை ஊர்களில் ஒன்று அக்ரிங்டன். மேற்கே பிளாக்பர்ன், கிழக்கே பர்ன்லி. பஸ் ஏறினால், அன்று உச்சமட்டமாக இருந்த முதல் டிவிஷன் ஆட்டம் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இந்த இரண்டு பெரிய அண்டை வீட்டுக்காரர்களுக்கு நடுவில் டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டும்.

1950-களில் கிளப் உண்மையிலேயே நன்றாக ஆடியது. இதை யாரும் சொல்வதில்லை. வால்டர் கால்பிரெய்த் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மேனேஜர். சொந்த நாட்டிலிருந்தே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். 1955-ல் பதினொரு பேரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் என்ற அணியே களமிறங்கியது. 1955-லிருந்து 1958 வரை நான்கு சீசன். இரண்டாம் இடம், மூன்றாம் இடம், மூன்றாம் இடம், மறுபடி இரண்டாம் இடம். அன்றைய விதிப்படி முதலிடம் பிடித்த ஒரே ஒரு கிளப்புக்குத்தான் மேலே ஏற இடம். அடுத்தடுத்த இடங்களில் முடிப்பவர்களும் தங்களுக்குள் மோதி மேலே ஏறலாம் என்ற இன்றைய பிளே ஆஃப் முறை அன்று இருந்திருந்தால் கதையே வேறு. நான்கு வருடம் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள், ஐந்தாவது வருடம் எப்படியும் உள்ளே போய்விடுவோம் என்று கடன் வாங்கிச் செலவு செய்தார்கள்.

அந்தச் செலவில் ஒன்றைச் சொன்னால் மீதி புரிந்துவிடும். ஆல்டர்ஷாட்டில் ராணுவச் சாகச அணிவகுப்பு பார்க்கப் போட்டிருந்த பெரிய கேலரி ஒன்று 1958-ல் விற்பனைக்கு வந்தது. விலை 1,450 பவுண்டு. மலிவு என்று வாங்கினார்கள். அதைப் பிரித்து, தெற்கிலிருந்து லேங்கஷருக்கு ஏற்றிவந்து, தங்கள் பீல் பார்க் மைதானத்தில் நிறுத்துவதற்கு ஆன செலவு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. கால்பிரெய்த் அதே வருடம் விலகினார். 1960-ல் கிளப் நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. 1961-ல் ஆட்டக்காரர்களின் வாரச் சம்பள உச்சவரம்பான 20 பவுண்டும் ஒழிந்தது. அது நியாயமான மாற்றம்தான், ஆனால் கையில் காசில்லாத கிளப்புக்கு அது இன்னொரு அடி.

1962 தொடக்கத்தில் மொத்தக் கடன் சுமார் 60,000 பவுண்டு. 1960-ல் மான்செஸ்டர் சிட்டி டெனிஸ் லா என்ற ஒரே ஆட்டக்காரரை வாங்கக் கொடுத்தது 55,000. ஆக, ஓர் ஊரின் கிளப்பைக் கொன்ற தொகை ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் விலையை ஒட்டியதுதான்.

ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் பக்கத்து பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். தொழிலில் கசாப்புக் கடைக்காரர், பேச்சிலும் அப்படித்தான். அவருடைய கிளப் அந்த சீசனில் முதல் டிவிஷன் பட்டத்துக்கே போட்டி போட்டுக்கொண்டிருந்தது. நிலைமை கைமீறிவிட்டது என்பது அவர் கணிப்பு. மார்ச் 2 அன்று குரூ ஊரில் ஸ்டான்லிக்கு 0-4 தோல்வி. சில நாளில் ராஜினாமா கடிதம் லீக்குக்குப் போனது. பணம் தர ஆட்கள் முன்வரவும், கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று இன்னொரு கடிதம். லீக் செயலாளர் ஆலன் ஹார்டக்கர் தரப்பு, கொடுத்தது கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டது. ஆடி முடித்த 33 ஆட்டங்களின் முடிவுகள் அட்டவணையிலிருந்து அழிக்கப்பட்டன. லார்ட் வேண்டுமென்றே குழிபறித்தார் என்று அக்ரிங்டனில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. கடனை ஏற்றியது அவரில்லையே. ஆனால் சில வாரம் பொறுத்திருக்கலாம் என்று லீக்குக்கு ஏன் தோன்றவில்லை? அந்த அவசரத்துக்கு இன்றுவரை நல்ல காரணம் எதையும் நான் படித்ததில்லை.

சிறிய லீக்கில் இழுத்துக்கொண்டிருந்த பழைய கிளப் 1966-ல் மூடப்பட்டது. 1968-ல் ஊர்க்காரர்கள் மறுபடி தொடங்கி, 1970-லிருந்து கிரவுன் கிரவுண்டில் ஆட ஆரம்பித்தார்கள். பால் விளம்பரம் வந்தபோது அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது ஃபுட்பால் லீக்குக்கு வெளியே, நார்தர்ன் பிரீமியர் லீக் என்ற வட்டார லீக்கில்.

1999-ல் ஜான் கோல்மன் மேனேஜராக வந்தார். 2000, 2003, 2006 என ஃபுட்பால் லீக்குக்குக் கீழே உள்ள லீக்குகளில் மூன்று பட்டம். 2006-ல், 44 வருடம் கழித்து, ஸ்டான்லி மறுபடி ஃபுட்பால் லீக்கில். அந்த வருடம் லீக்கை விட்டு வெளியேறிய கிளப்புகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். 1962-ல் ஸ்டான்லி காலி செய்த இடத்துக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டதே ஆக்ஸ்ஃபோர்டுதான்! இதை யாராவது கதையாக எழுதினால் நம்பமாட்டோம்.

சரி, லீக்குக்கு வந்ததும் கடன் தீர்ந்ததா? இல்லை. மறுபடி கழுத்துவரை வந்தது. 2015-ல் ஆண்டி ஹோல்ட் வாங்கினார். பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலைக்காரர். இவர் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. பழைய கடனை அடைத்தார், வரவுக்குள் செலவை வைத்தார், கணக்கை ரசிகர்கள் முன் வெளிப்படையாகப் பேசினார். வட்டாரப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிளப் சட்டை கொடுத்தார். பிளாக்பர்ன், பர்ன்லி சட்டைகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைகளைப் பிடிக்க இதைவிடப் புத்திசாலித்தனமான வழி எனக்குத் தெரியவில்லை. 2018-ல் பில்லி கீ கோலாகக் குவிக்க, நான்காம் மட்டமான லீக் டூ பட்டம் வென்று மூன்றாம் மட்டமான லீக் ஒன்னுக்கு ஏறினார்கள். 2023-ல் இறங்கினார்கள். இறங்கியபோதும் கிளப் நொறுங்கவில்லை. எனக்கு 2018-ன் கோப்பையைவிட இது பெரிய சாதனை.

ஹோல்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்குத் தயக்கம் உண்டு. நல்ல முதலாளி கிடைத்தது அதிர்ஷ்டம். அடுத்தவர் எப்படியோ? இன்றைய உச்சமட்டமான பிரீமியர் லீக்கின் தொலைக்காட்சிப் பணம் கீழே சரியாக இறங்காதவரை, இந்த மாதிரி கிளப்புகள் ஒரு மனிதரின் பையை நம்பித்தான் ஓட வேண்டும். 2025-ல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் சுதந்திரமான கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. உரிமையாளர்களைச் சோதிக்கவும், பணப் பங்கீட்டில் தலையிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. பயன்படுத்துமா என்பது வேறு விஷயம்.

கமெண்டில் “அப்போ பரி?” என்று கேட்கப்போகிறீர்கள், தெரியும். ஸ்டான்லி ஆடிக்கொண்டிருந்த அதே லீக் ஒன்னிலிருந்து, 2019 ஆகஸ்ட் 27 அன்று பரி என்ற கிளப் பணச் சிக்கலால் வெளியேற்றப்பட்டது. அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியவர், அந்த ஊரில் ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று பேட்டியே கொடுத்தார். 1903-ல் டெர்பியை 6-0 என்று அடித்து, இங்கிலாந்தின் நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை எடுத்த கிளப் அது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஒரு பத்தியில் திட்டி முடிக்கிற விஷயமில்லை.