முப்பது ரூபாய் குறைந்ததற்கு 1,180 ரூபாய் கட்டணம்

செட்டிநாட்டில் பல குடும்பங்களுக்கு வங்கி என்பது அவர்களாகத் தேர்ந்தெடுத்த ஒன்றாக இருப்பதில்லை. அப்பச்சி எந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தாரோ அதே வங்கியில், பெரும்பாலும் அதே கிளையில், பிள்ளைகளும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதன் பின்னால் ஒரு நியாயமான பெருமிதமும் இருக்கிறது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் கிளை திறந்தார். கருமுத்து தியாகராசர் 1943இல் பாங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். இந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் வங்கியைக் குலதெய்வக் கோவிலைப் போல மாற்ற முடியாத உறவாக நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் முன்னது 1969இல் நாட்டுடைமை ஆகிவிட்டது; பின்னது 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்துவிட்டது. இன்று நம் கணக்கிலிருந்து எதற்கு எவ்வளவு கழிப்பது என்பதை முடிவு செய்யும் இயக்குநர் குழுவுக்கு நம் ஐயாக்களின் பெயர் தெரியாது. ஆகையால் பெருமிதத்தை வரலாற்றுக்கு விட்டுவிட்டு, கட்டணப் பட்டியலைப் பார்த்து வங்கியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

காரைக்குடியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே மற்றவர்களின் பாஸ்புக்கைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம். பக்கத்துத் தெருவில் சீப்புச் சீடையும் தேன்குழலும் போட்டு விற்கும் ஆச்சி ஒருவர் அண்மையில் தம் பாஸ்புக்கைக் கொண்டுவந்து, "தம்பி, நான் எடுக்கவே இல்லையே, இவ்வளவு எப்படிக் குறைஞ்சுச்சு?" என்று கேட்டார். வரிசையாகப் படித்துப் பார்த்ததில் நடந்தது புரிந்தது. மாவு அரைக்கும் பெரிய கிரைண்டருக்காக மாதம் 2,340 ரூபாய் தவணை, 5ஆம் தேதி தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். 3ஆம் தேதி கணக்கில் 2,546 ரூபாய் இருந்திருக்கிறது. அன்று டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 200 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 36 ரூபாய் என்று 236 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டது. மீதி 2,310 ரூபாய். 5ஆம் தேதி தவணை கேட்டு வந்தபோது 30 ரூபாய் குறைந்தது; தவணை திரும்பிவிட்டது. திரும்பியதற்காக வங்கி 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் கழித்தது. கடன் கொடுத்த நிறுவனம் சில நாள் கழித்து மறுபடியும் தவணையைக் கேட்டு அனுப்பியது. அப்போது கணக்கில் இருந்தது 1,720 ரூபாய்தான். மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 590 ரூபாய் போனது. கடன் நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போட்டது.

ஆச்சியின் அலமாரி டப்பாவில் அன்று பணம் இருந்தது. 3ஆம் தேதி கார்டுக் கட்டணத்தை எடுக்கும்போதே, "நாளை மறுநாள் தவணை இருக்கிறது, 30 ரூபாய் குறைகிறது" என்று ஒரு வரி தமிழில் வந்திருந்தால் கட்டியிருப்பார். வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் பணத்தைக் கழித்த பிறகு ஆங்கிலத்தில் வந்தவை.

வட்டிக் கணக்கு போட்டுப் பழகிய ஊர் இது என்பதால் இதையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 30 ரூபாய்க்கு ஒரு முழு மாதத்துக்கு 30 காசு. பத்து வட்டிக்குக் கொடுப்பவரை ஊரே தூற்றும். அவர்கூட அந்த 30 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய்தான் கேட்டிருப்பார். இங்கே வங்கி அந்தப் பணத்தைக் கடனாகக்கூடக் கொடுக்கவில்லை. இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியதற்கு 590 ரூபாய், அதையும் இரண்டு முறை எடுத்திருக்கிறது. தவணை தவறுவது சிறிய விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. காசோலை திரும்புவதைப் போலவே இப்படி மின்னணுத் தவணை திரும்புவதற்கும் பணப் பரிமாற்றங்கள் பற்றிய 2007ஆம் ஆண்டின் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுபவரைத் தண்டிக்கச் சட்டம் அவ்வாறு இருக்கும்போது, 30 ரூபாய் குறைந்த பலகாரக்காரரிடமும் 30,000 ரூபாய் குறைந்தவரிடமும் ஒரே 500 ரூபாயை வங்கி வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

குறைந்தபட்ச இருப்புக்கான அபராத விஷயத்தில் ரிசர்வ் வங்கி இந்தக் கேள்வியை முன்பே எதிர்கொண்டிருக்கிறது. 2014 நவம்பரில் அது வெளியிட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையை ஒவ்வொரு வாடிக்கையாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் குறைந்திருந்தால்தான் அபராதம் வாங்கலாம். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாது. எழுத்தில் இருக்கும் விதி கிளையில் நடக்கிறதா என்பது வேறு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதல் தவணையாக 1,000 ரூபாய் கணக்கில் ஏறியபோது, அதைப் பழைய அபராதப் பாக்கிக்குச் சில வங்கிகள் பிடித்துக்கொண்டதும், அப்போதைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்ததும் நினைவிருக்கும்.

கட்டணங்கள் மாறாதவை என்று நினைப்பவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளே பதில். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம் என்று சொன்னது. 2025இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அந்த அபராதத்தைக் கைவிட்டன. அதே 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி நகரப் பகுதிகளில் புதிய கணக்குகளுக்குச் சராசரி இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே 15,000 ரூபாயாக இறக்கியது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதை வங்கிகளே முடிவு செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் அப்போது தெளிவாகச் சொன்னார். அப்படியானால் அந்த முடிவைப் பார்த்து வங்கியை முடிவு செய்யும் உரிமை நமக்கும் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான், அளவுதான் பெரியது. அங்கே கணக்கில் இல்லாத பணத்தை வங்கியே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 35 டாலர் அளவுக்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்குவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அன்றைய செலவுகளில் பெரியதை முதலில் கழித்து, சிறியவை ஒவ்வொன்றும் இருப்பைத் தாண்டும்படி வரிசையை மாற்றியதற்காகச் சில பெரிய வங்கிகள் மீது வழக்குகள் நடந்தன. 2011இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா 410 மில்லியன் டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. 2022இல் கேப்பிடல் ஒன் இந்தக் கட்டணத்தையே நீக்கியது. பாங்க் ஆஃப் அமெரிக்கா 35 டாலரை 10 டாலராக்கியது. ஏடிஎம்மிலும் டெபிட் கார்டிலும் இருப்பைத் தாண்ட வாடிக்கையாளர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் அந்தக் கட்டணம் வாங்கலாம் என்ற விதி 2010 முதல் அங்கே இருக்கிறது. அங்கே புதிதாகப் போகும் பிள்ளைகள் கணக்குத் திறக்கும்போது அந்த ஒப்புதல் கட்டத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

நம் ஊரில் ஓவர்டிராஃப்ட் என்பது பெரும்பாலும் கேட்டு வாங்கும் வசதி. முறையாக வாங்கினால் அது நல்ல வசதி என்பதுதான் என் கருத்து. கையில் ஒரு வைப்பு நிதி இருக்கிறவர்கள் அதை உடைக்காமல் அதன் பேரில் ஓவர்டிராஃப்ட் வரம்பு வாங்கிக்கொள்ளலாம். எடுத்த பணத்துக்கு மட்டும், எடுத்திருந்த நாள்களுக்கு மட்டும் வட்டி. வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஜன் தன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் உண்டு என்பதும், தகுதி பார்த்து அதைக் கிளையில்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. நடப்புக் கணக்கில் வரம்பு வாங்கியிருக்கும் வியாபாரிகள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வரம்பைத் தாண்டினாலும், சரக்கு இருப்புப் பட்டியலை உரிய தேதியில் கொடுக்காவிட்டாலும் தனித்தனியாக அபராதம் விழும். ஆத்தங்குடிக் கல் வியாபாரமாக இருந்தாலும் கண்டாங்கிச் சேலை வியாபாரமாக இருந்தாலும், கணக்குப் பார்க்கும்போது வட்டியை மட்டும் எழுதிவிட்டு இந்த அபராதங்களை "வங்கிச் செலவு" என்று ஒரே தலைப்பில் போட்டு மூடிவிடுகிறோம். அவற்றைத் தனித் தலைப்பில் எழுதினால்தான் ஆண்டு இறுதி ஐந்தொகையில் உண்மையான செலவு தெரியும்.

எந்த வங்கி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு வங்கியின் இணையதளத்திலும் அது இருக்கிறது, கிளையிலும் கேட்கலாம். அதில் முதலில் பார்க்க வேண்டியது தவணை திரும்பினால் எவ்வளவு என்பது. நான் பார்க்கும் பாஸ்புக்குகளில் அதிகப் பணம் போவது அந்த வரியில்தான். அடுத்து, கணக்கு இருக்கும் கிளை எந்த வகையில் வருகிறது என்பது. 10,000 பேருக்குக் குறைவாக மக்கள் இருக்கும் ஊர்க் கிளை கிராமப்புறக் கிளை. ஒரு லட்சம் வரை சிறுநகரம். அதற்கு மேல் பத்து லட்சம் வரை நகரம், அதையும் தாண்டினால் பெருநகரம். ஒரே வங்கியின் கானாடுகாத்தான் கிளைக்கும் சென்னைக் கிளைக்கும் கேட்கும் இருப்பு வேறாக இருக்கலாம். கட்டணமும் இருப்பும் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் திறக்க ஒவ்வொரு வங்கியும் கடமைப்பட்டது. மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுக்காதவருக்கு அதுவே போதும். அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் பங்காளிகளின் பொதுக் கணக்கு. பெரிய வீட்டின் வரி, ஓடு மாற்றுவது, கோவில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கோவிலுக்குத் தரும் வரி) ஆகியவற்றுக்காக மூன்று பங்காளிகள் சேர்ந்து ஊர்க் கிளையில் கணக்குத் திறந்திருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். மூத்தவர் காலமாகி அவருடைய கைபேசி எண்தான் இன்னும் கணக்கில் இருக்கும். அறிவிப்புகள் யாருக்கும் வராது. இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எதுவும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். அப்படி ஆன கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் போடக் கூடாது என்று 2014 மே முதலே விதி இருக்கிறது. கணக்கு செயலற்றதாவதற்கு முந்தைய மாதங்களில் கழிந்ததை யார் கேட்பது? பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, பாஸ்புக்கை அச்சிட்டு, எண்ணை மாற்றி, வேண்டாத கணக்கை எழுதிக் கொடுத்து மூடிவிடலாம்.

வங்கி மாறும்போது பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். தவணைகள், காப்பீட்டுப் பிரீமியம், எரிவாயு மானியம் எல்லாம் புதிய கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டதை இரண்டு மாதம் பார்த்துவிட்டு மூடுவதே பாதுகாப்பு. அரசு உதவிகள் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கேதான் போகும் என்பதால் அதை முதலில் மாற்றுங்கள்.

ஆச்சிக்காக வங்கிக்குக் கடிதம் எழுதினோம். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கி இரண்டாவது 590 ரூபாயை மட்டும் திருப்பி வரவு வைத்தது. முதல் 590 ரூபாய் விதிப்படி சரி என்று பதில் வந்தது. அவர்கள் சொல்வது உண்மை. அந்த விதியில்தான் குறை இருக்கிறது. குறைந்தபட்ச இருப்புக்கு 2014இல் ரிசர்வ் வங்கி விதித்த அதே மூன்று நிபந்தனைகளை, முன்னறிவிப்பு, அவகாசம், குறைந்த தொகைக்கு ஏற்ற அபராதம் ஆகியவற்றை, தவணை திரும்பும் கட்டணத்துக்கும் விதிக்க வேண்டும். ஒரே தவணைக்கு ஒரே மாதத்தில் இரண்டாவது முறை கட்டணம் வாங்குவதை முற்றிலும் தடுக்க வேண்டும். நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இதை மனுவாக எழுதியிருக்கிறேன். பாஸ்புக்கில் இதே வரியைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தின் நகலோடு என் கடைக்கு வந்தால், உங்களுக்கும் மனு எழுதித் தருகிறேன்.